இரண்டாவது தட்டல்

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கார் விபத்து. அதற்குப் பிறகும் அவள் தனியாகத்தான் இருந்தாள். தன்னோடு வந்துவிடும்படி தம்பி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தான். "உன் வீட்டு லிஃப்ட் வாரத்துல மூணு நாள் ஓடாது. நாலாவது மாடியில உட்கார்ந்து நான் காக்காயை எண்ணிட்டிருக்கணுமா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அவளுடையது தரைத்தளத்தில், கதவுகளை அகலப்படுத்திய சின்ன வீடு. பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது வேலை. காலையில் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறிவிட்டால் போதும், பிறகு ராத்திரி வரை யார் தயவும் அவளுக்கு வேண்டாம். மாறுவதற்குத்தான் ஆள் வேண்டும். சிறுநீர்க் குழாயைக் கவனிக்கவும், தோல் எங்காவது சிவந்து புண்ணாகப் பார்க்கிறதா என்று புரட்டிப் பார்க்கவும் தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்தாக வேண்டும்.

அப்படி வீடு வீடாக நர்ஸ்களை அனுப்புகிற நிறுவனம் ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்தது தம்பி வேலை பார்த்த கம்பெனி. தம்பி இருந்த ஊருக்கும் அக்கா ஊருக்கும் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். "எங்க ஆப் ஓடற இடம்க்கா. யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு எனக்கு இங்கிருந்தே தெரியும்" என்று சொல்லி அவளை அதில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்த நர்ஸுக்கு அக்கா 'புயல்' என்று பெயர் வைத்திருந்தாள். "கதவைத் திறக்கறா, கை கழுவறா, என்னைத் தூக்கி நாற்காலியில போடறா, போயிட்டு வரேங்கறா. நான் குட்மார்னிங் சொல்றதுக்குள்ள அவ கேட்டைத் தாண்டிடறா" என்பாள். சொல்லும்போது குரலில் பெருமைதான் இருக்கும். அந்த வேகத்தில் வேலை செய்தும் ஒருநாள்கூட அவள் தோலில் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை.

ஆப் ரொம்ப எளிமையானது. அன்றைக்குப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் இருக்கும். ஒரு பெயரை ஒருமுறை தட்டினால் அது விரிந்து முகவரி, மருந்து, குறிப்பு எல்லாம் காட்டும். வேகமாக இரண்டு முறை தட்டினால் 'பார்த்தாயிற்று' என்று பச்சை டிக் விழுந்து, பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஒரு பகுதிக்கு இரண்டு நர்ஸ்கள். இருவர் போனிலும் ஒரே பட்டியல். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் போய்ப் பார்த்துவிட்டுத் தட்டுவார், மற்றவர் போனிலும் அந்தப் பெயர் மறையும். கையில் உறை, தோளில் பை, வாசலில் நாய். இதற்கு நடுவில் நின்றுகொண்டு சின்னச் சின்னப் பட்டன்களைத் தேட முடியாது என்பதால் இரட்டைத் தட்டல் யோசனையைச் சொன்னது தம்பி.

அதில் ஒரு குறை இருந்தது. ஒருமுறை தட்டியதும் போனுக்குச் சந்தேகம் வரும். இது ஒற்றைத் தட்டலா, இரட்டைத் தட்டலில் முதல் பாதியா? இன்னொன்று வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் பெயரை விரிக்கும். பொறுப்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நாளைக்கு நூறு முறை தட்டுகிறவர்களுக்கு அது பெரிய எரிச்சல். "தொட்டா யோசிச்சுட்டுத்தான் தெறக்குது", "தூங்குமூஞ்சி ஆப்" என்று புகார்கள் குவிந்தன.

மேனேஜர் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பொறுக்கணும்? தட்டின உடனே விரியட்டும். ரெண்டாவது தட்டு வந்துச்சுன்னா அப்ப டிக் போடட்டும். வரலைன்னா விட்டுடட்டும். அவ்வளவுதானே?"

தம்பிக்கும் அது சரியாகத்தான் பட்டது. அரை நாள் வேலை. செய்து முடித்துத் தன் போனில் ஐம்பது தடவை தட்டிப் பார்த்தான். கண் இமைப்பதற்குள் விரிந்தது. அடுத்த வாரமே எல்லா நர்ஸ்களின் போனுக்கும் போய்விட்டது. பத்து நாள் ஒரு புகார்கூட வரவில்லை.

"புயல் உன்னைப் பாராட்டினாடா. இப்பத்தான் ஆப் என் வேகத்துக்கு வருதுன்னா" என்று அக்கா போனில் சொன்னாள். "கர்வப்படாதே. நான் பொழைக்கறது பிழையைப் பிடிச்சு, நீ பொழைக்கறது பிழையைப் போட்டு. அதை மறந்துடாதே."

அவன் சிரித்தான்.

பதினோராவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசுக்கு வந்ததும் வழக்கம்போல ஆப்பில் குடும்பத்தாருக்கான பக்கத்தைத் திறந்து பார்த்தான். அக்காவின் பெயருக்கு எதிரே பச்சை டிக். 8.47. பத்து மணிக்கு ஒரு டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் அவளைக் கூப்பிட்டான். விசேஷமாக ஒன்றுமில்லை. புதுக் கண்ணாடி பொருந்துகிறதா என்று கேட்கத்தான். மணி அடித்து அடித்து நின்றது. குளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான். இன்னொரு முறை கூப்பிட்டான். டீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு உள்ளே வந்தான்.

பன்னிரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகிற நாட்களில் அவள் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவது உண்டு. டிக் விழுந்திருக்கிறது. புயல் வந்து போயிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பிறகென்ன? ஒரு திட்டு எழுதி அனுப்பினான்: 'கூப்பிட்டா எடுக்கறதுக்குத்தான் போன்.' சாப்பிடப் போனான்.

இரண்டு மணிக்கு ஆப்களைச் சோதிக்கிற பெண் அவன் மேசைக்கு வந்து நின்றாள். எதையும் குறை சொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்கிற சுபாவம் அவளுக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்க. இதை ஒரு நிமிஷம் பாருங்க. நான்தான் ஏதாவது தப்பாத் தட்டறேனான்னு தெரியல."

அவள் போனில் பட்டியல் இருந்தது. இரண்டாவது பெயர் விரிந்து, முகவரியும் மருந்தும் பாதித் திரையை அடைத்திருந்தன. அவள் அதற்குக் கீழே இருந்த மூன்றாவது பெயரை 'டொக் டொக்' என்று தட்டினாள். மூன்றாவது பெயர் அப்படியே இருந்தது. ஆறாவது பெயர் காணாமல் போயிற்று.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றான் தம்பி.

பண்ணினாள். இன்னொரு பெயர் போயிற்று.

அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் தட்டலிலேயே மூன்றாவது பெயர் விரியத் தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் விரிந்திருக்கலாம் என்பதால் மேலே விரிந்திருந்தது சுருங்குகிறது. அது சுருங்கியதும், மூன்றாவதின் விவரம் வந்து நிரம்புவதற்குள் கீழே இருக்கிற பெயர்களெல்லாம் சரசரவென்று மேலே ஏறுகின்றன. விரல் அதே இடத்தில் இரண்டாவது முறை விழும்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். முன்பு போன் பொறுத்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன நேரத்தில் எதுவும் நகராது. அந்த நேரத்தைத்தான் அவன் எடுத்துவிட்டிருந்தான். தன் போனில் ஐம்பது தடவை தட்டியபோது ஒருதடவைகூட இன்னொரு பெயரை விரித்து வைத்துவிட்டுத் தட்டிப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் ஆகாது. வேகமாத் தட்டறவங்களுக்குத்தான் ஆகும்" என்றாள் அந்தப் பெண், ஆறுதல் சொல்வதுபோல.

தம்பி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அன்றைய பதிவுகளைத் திறந்தான். ஒவ்வொரு தட்டலும் எந்த நேரத்தில், எந்தப் பெயர்மேல் விழுந்தது என்று அதில் இருக்கும். மற்ற நோயாளிகள் எல்லாரும் அவனுக்கு வெறும் எண்கள். அக்காவின் எண் மட்டும் மனப்பாடம். 8.47. முதல் தட்டல் வேறொரு எண்ணின்மேல். இரண்டாவது தட்டல், வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள், அக்காவின்மேல். ஆறு வினாடி கழித்து அதே போனில் அந்த முதல் எண்ணுக்குச் சரியாக டிக் விழுந்திருந்தது. புயல் ஏதோ ஒரு வாசலில் நின்று தட்டியிருக்கிறாள், விழவில்லை என்று மறுபடி தட்டியிருக்கிறாள், போயிருக்கிறாள்.

அக்கா வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அவளைக் கூப்பிட்டான். மணி அடித்தது. மறுபடி கூப்பிட்டான். பிறகு நர்ஸ்களை அனுப்புகிற நிறுவனத்தின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். சாவகாசமாகப் பேசுகிற அம்மா அவர்.

"பார்த்தாச்சே சார். எட்டு நாப்பத்தேழுக்கு முடிஞ்சிருக்கு."

"முடியலம்மா. தப்பா டிக் விழுந்திருக்கு. உடனே யாரையாவது அனுப்புங்க."

"சிஸ்டத்துல முடிஞ்சதுன்னு இருக்கு சார்."

"அந்த சிஸ்டத்தை எழுதினவனே நான்தாம்மா. நான் சொல்றேன், அது பொய்."

"முடிஞ்ச பேருக்கு ஆள் போட அதுல வழி இல்லையே சார். நாளைக்குத்தான் மறுபடி பேர் வரும்."

அதுவும் உண்மை. ஒருமுறை விழுந்த டிக்கை யாரும் எடுக்க முடியாதபடி எழுதியதும் அவன்தான். டிக்கைப் போட்டு எடுத்துப் போட்டு விளையாடக்கூடாது என்று அந்த நிறுவனமே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு.

"சிஸ்டத்தை விடுங்க. போன்ல கூப்பிட்டு ஒருத்தரைப் போகச் சொல்லுங்க, போதும்."

"பட்டியல்ல இல்லாத வீட்டுக்கு ஆளை அனுப்பினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. எங்க சார் மீட்டிங்ல இருக்கார். வெளிய வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன். கவலைப்படாதீங்க, அக்கா நல்லாத்தான் இருப்பாங்க."

புயலின் நம்பரை மட்டும் கெஞ்சி வாங்கிக்கொண்டான். திரும்பத் திரும்ப அடித்தும் அவள் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் தெரியாத நம்பர்களை எடுக்கக்கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம்.

டிக்கைத் தானே அழித்துவிட முடியுமா என்று பார்த்தான். பதிவுகளை, அதுவும் வெறும் எண்களாக, அவனால் பார்க்க முடியும், தொட முடியாது. தொட அனுமதி உள்ள ஒரே ஆள் தன் கல்யாணத்துக்காக லீவில் இருந்தான். அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டான். அது அவன் ஊருக்கான எண். அக்கா ஊர் எண்ணை வாங்கி, நான்கு முறை பிஸியாகி, ஐந்தாவது முறை ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"உயிருக்கு ஆபத்துன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். "தெரியாதுங்க. போன் எடுக்கல, அவ்வளவுதான் தெரியும்" என்றான்.

"சரி, குறிச்சுக்கிட்டேன். வண்டி காலியானதும் அனுப்பறோம்."

அந்த 'தெரியாது'க்காகப் பின்னால் அவன் எத்தனை தடவை தன் தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில், முன்னால் மூன்று பெரிய திரைகளை வைத்துக்கொண்டு, அக்கா வீட்டின் வாசலைக்கூட எட்டிப் பார்க்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களின் நம்பர் அவனிடம் இல்லை. கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியதும் இல்லை. டிக்தான் தினமும் விழுந்துகொண்டிருந்ததே.

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்குப் புயல் அவளாகவே திரும்பக் கூப்பிட்டாள். "பதினாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க. யாரு?"

சொன்னான்.

"அக்கா பேர் காலையிலேயே போயிடுச்சே சார். இன்னொரு சிஸ்டர் முடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, எப்பவும் நான்தானே போவேன்னு…" அதற்குள் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. "இருபது நிமிஷம் சார். போனை வைக்காதீங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள் போலிருந்தது. காற்றும் ஹாரனும்தான் கேட்டன. மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார், ஏதோ கேட்டார், தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். ஸ்கூட்டர் நின்றது. கேட் கிறீச்சிட்டது. சாவி. கதவு.

"அக்கா?"

செருப்பைக் கழற்றாமல் ஓடுகிற சத்தம்.

"அக்கா! ஐயோ, என்னக்கா இது…"

பிறகு எதுவும் கேட்கவில்லை. தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஏதோ இழுபட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மூச்சுவாங்குகிற சத்தம் ஒன்று, அது யாருடையது என்று தெரியவில்லை.

"சார், உயிர் இருக்கு சார். கீழ விழுந்து கிடக்காங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், நீங்க வைங்க."

அவள் துண்டிப்பதற்கு முன் உள்ளேயிருந்து இன்னொரு குரல் கேட்டது. வறண்டுபோய், அடையாளம் தெரியாமல் இருந்தது. "அவன்கிட்ட சொல்லு… நான் நல்லாருக்கேன்னு சொல்லு."

அன்று மாலை பஸ்ஸைப் பிடித்து மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். இடது தொடை எலும்பு உடைந்திருந்தது. வலியே தெரியாததால் உடைந்தது அக்காவுக்கே தெரியவில்லை. கால் வீங்கிப்போய் மற்றக் காலைப்போல இரண்டு மடங்காக இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆறரை மணி நேரம் நகர முடியாமல் ஒரே பக்கமாகத் தரையில் கிடந்ததில் இடுப்பின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. குழாய் மடங்கி அடைத்துக்கொண்டு, சிறுநீரகம் வரை கிருமி ஏறி, காய்ச்சல் கொதித்தது.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்படி விழுந்தீங்க?"

"சிஸ்டர் வருவாங்கன்னு காத்திட்டிருந்தேன். போன் தலையணைகிட்டதான் இருந்துச்சு. எப்படியோ வழுக்கி, கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

"சரி."

"பத்து மணி இருக்கும். போன் அடிச்சுது. எடுக்கலாம்னு சாஞ்சேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தம்பியின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அவன் வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். பச்சை டிக்கை நம்பி, கையில் டீயோடு, கண்ணாடி பொருந்துகிறதா என்று கேட்கக் கூப்பிட்டது அவன். முதல் முறை கூப்பிட்டபோது விழுந்தாளா, இரண்டாவது முறையிலா? அதை அவளிடம் கேட்க அவனுக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

தொடைக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். புண் ஆறும்வரை நாற்காலியில் உட்காரக்கூடாது என்றார்கள். மூன்று மாசம் ஆகலாம், ஆறும் ஆகலாம். படுத்துக்கொண்டே பிழை திருத்த முயன்றாள், கழுத்து ஒத்துழைக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஏழாம் வகுப்புப் பசங்க பாடு. 'எளிமை'யை 'எலிமை'ன்னு படிக்கப் போறாங்க" என்றாள். அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினான். தவறைத் திருத்த ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. முதல் தட்டலும் இரண்டாவது தட்டலும் ஒரே பெயரின்மேல் விழுந்தால்தான் டிக் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். சோதிக்கிற பெண்ணே அதை எழுதி அனுப்பி முடித்திருந்தாள். புதிய பதிப்போடு போன குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று இருந்தது.

மேனேஜர் அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"படுத்திருக்காங்க."

"ரொம்ப வருத்தமா இருக்குப்பா, நிஜமாவே." மேசைமேல் இருந்த தாளைப் புரட்டினார். "நடந்தது என்னன்னு நீ எழுதினதைப் படிச்சேன். அதை அப்படியே நர்ஸ் கம்பெனிக்கு அனுப்ப முடியாது. வக்கீல்கிட்ட கேட்டோம். 'நர்ஸின் போனிலிருந்து டிக் போடப்பட்டது'ன்னு மட்டும் சொல்லலாம்னாங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அவங்க போடல."

"போன் அவங்க கையிலதானே இருந்துச்சு?"

தம்பிக்கு வாதாடத் தெரியாது. "அவங்க போடல சார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். மூன்றாவது முறை சொன்னபோது மேனேஜர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை தம்பியை வேறு ஆப்புக்கு மாற்றினார்கள். பழைய பதிவுகளைப் பார்க்கிற அனுமதியும் அதோடு போயிற்று.

போவதற்கு முன் ஒன்று செய்தான். பதினோரு நாள் பதிவுகளையும் ஓடவிட்டு, முதல் தட்டல் ஒரு எண்ணிலும் இரண்டாவது வேறொரு எண்ணிலும் விழுந்த இடங்களை எடுத்தான். நாற்பத்து மூன்று. பெரும்பாலும் வேகமாகத் தட்டுகிற ஐந்தாறு நர்ஸ்கள். நாற்பத்து மூன்றையும் தாளில் அச்சிட்டு மேனேஜர் மேசையில் வைத்தான். ஒவ்வொரு எண்ணும் யாரென்று நர்ஸ் நிறுவனத்துக்குத்தான் தெரியும். அங்கேயும் தபாலில் ஒரு பிரதி அனுப்பினான். 'எங்களுக்கு அதிகாரபூர்வமாக வந்த அறிக்கையில் ஆப்பில் குறை இருந்ததாகக் கூறப்படவில்லை' என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

புயலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகாத வீட்டுக்குப் போனதாக டிக் போட்டது குற்றம். அக்கா படுத்தபடியே ஒரு கடிதம் சொல்லச் சொல்ல, தம்பி எழுதினான். 'மூன்று வருஷத்தில் என்னை ஒருமுறைகூடக் கைவிடாதவர்' என்று அதில் ஒரு வரி. அதற்குப் பதிலே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்தில் புயல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். யூனிபார்ம் இல்லாமல் ஆள் சிறுத்துத் தெரிந்தாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"உள்ள வா, புயல். என்ன, கரையைக் கடந்துட்டியா?" என்றாள் அக்கா.

புயல் அழுதுவிட்டாள். "நான்தான்க்கா தப்பு பண்ணியிருப்பேன். அவசரத்துல உங்க பேரைத் தொட்டிருப்பேன். எவ்வளவு யோசிச்சாலும் தொட்ட மாதிரி ஞாபகம் வரல. ஆனா என் போன்ல இருந்துதான் விழுந்திருக்குன்னு காட்டறாங்க. மெஷின் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லும்" என்றான் தம்பி.

அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். சோதிக்கிற பெண்ணிடமிருந்து பழைய பதிப்பு இருந்த போனை வாங்கி வந்திருந்தான். சும்மா போட்ட பொய்ப் பெயர்களோடு பட்டியல் அதில் இருந்தது. இரண்டாவது பெயரை விரித்து அவள் கையில் கொடுத்தான். "எப்பவும் தட்டற மாதிரி மூணாவதைத் தட்டுங்க."

தட்டினாள். எவ்வளவு வேகமான விரல் என்று அப்போதுதான் நேரில் பார்த்தான். மூன்றாவது பெயர் இருந்தது. ஆறாவது போயிற்று.

புயல் மறுபடி ஒன்றை விரித்தாள், தட்டினாள், போயிற்று. இன்னொன்று, போயிற்று. பெயர்கள் தீர்கிறவரை தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் 'இன்றைய பணிகள் முடிந்தன' என்று எழுத்து வந்தது.

"அப்ப நான் இல்ல" என்றாள்.

"நீங்க இல்ல. நான்."

"இதை அவங்ககிட்ட காட்டினீங்களா?"

"எழுதிக் கொடுத்தேன். கேக்க மாட்டேங்கறாங்க. இன்னும் யார்கிட்ட போறதுன்னு தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். அவன்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பத்துப் பதினோரு நாள் இப்படித்தானே ஓடுச்சு?"

"ஆமாம்."

"அப்ப இதுல இன்னும் எத்தனை பேரு போயிருப்பாங்க சார்?"

"அக்காவோட சேர்த்து நாப்பத்து மூணு."

"அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"தெரியல."

"இன்னொரு சிஸ்டர் போயிருக்கலாம். வீட்ல ஆள் இருந்திருப்பாங்க" என்றாள் புயல். பிறகு, "இல்லாதவங்களும் இருப்பாங்க. என் பட்டியல்லயே நாலு பேரு தனியா இருந்தாங்க. பேர் சொல்லுங்க, நான் வீடு சொல்றேன், போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றாள்.

"பேர் எனக்குத் தெரியாது. எண் மட்டும்தான்."

"எண்ணை வெச்சு எனக்குத் தெரியாதே."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் "வா வா வா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா மெல்ல முகத்தைச் சுளித்தாள். "ஒரு மணி நேரமா ஒரே பக்கமா கிடக்கேன். டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுடா."

தம்பி மணியை அழுத்தினான். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். எழுந்து கட்டிலின் பக்கம் போய், எங்கே கையைக் கொடுத்துத் தூக்குவது என்று தெரியாமல் நின்றான்.

"தள்ளுங்க சார்" என்றாள் புயல். மூலையிலிருந்த குழாயில் கையைக் கழுவினாள். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். உடைந்த கால் ஆடாதபடி நடுவில் தலையணை. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. புண் இருக்கிற பக்கத்தை ஒளியில் பார்த்துவிட்டு, விரிப்பின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவி விட்டாள்.